வந்த ஆள் ஏன் நிற்பதில்லை?
திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமார்களுக்கு,

ஏற்றுமதி செய்கிறவர்கள், உள்நாட்டு பனியன் போடுகிறவர்கள், இருபது மிஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிற பவர்டேபிள்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் செக்கிங் டேபிளில் வேலையைத் தொடங்கியவள். இப்போது ஆள் எடுப்பதும், போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பதும் என் வேலை. வருகிற முகத்தையும் போகிற முகத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்பதால், உங்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

அங்கேரிபாளையம் ரோட்டிலோ காங்கேயம் ரோட்டிலோ போனால் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் தாள் ஒட்டியிருக்கிறது. "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் உடனடியாகத் தேவை. செக்கிங், கைமடிக்குப் பெண்கள் தேவை. தங்குமிடம் இலவசம்." மழையில் பாதி கிழிந்த தாளின் மேலேயே அடுத்த கம்பெனியின் தாள். சங்கக் கூட்டம் எதுவானாலும் பேச்சு கடைசியில் "ஆள் இல்லைங்க" என்பதில்தான் வந்து நிற்கிறது. 2024-25ல் திருப்பூரின் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. ஆர்டர் நிறைய இருக்கும்போது ஆள் போதவில்லை, ஆர்டர் குறைந்தால் ஊருக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று தெரியவில்லை. இரண்டு காலத்திலும் கவலை ஒன்றேதான்.

இதற்கு நீங்கள் சொல்கிற காரணங்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வீட்டுக்கே வருகிறது. ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது. இவற்றை நான் நம்பவில்லை. வாரச் சம்பளம் ஒழுங்காகக் கைக்கு வருகிற, மரியாதையாக நடத்துகிற ஒரு வேலையை மாதம் ஆயிரம் ரூபாய்க்காக விட்டுவிட்டு வீட்டில் உட்காருகிற பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஆயிரம் ரூபாய் செய்திருப்பது வேறொன்று. பிடிக்காத இடத்தில் இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய கட்டாயத்தை அது கொஞ்சம் குறைத்திருக்கிறது. அது தொழிலுக்குக் கேடு என்றால், நம் தொழில் இத்தனை நாள் எதன் மேல் நின்றது என்று நாம் யோசிக்க வேண்டும்.

ஆள் வராமல் இல்லை. தன்பாத்திலிருந்து வருகிற ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். தாராபுரம், பல்லடம், அவிநாசி, பெருந்துறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் வருகிற கம்பெனி வேன்களைப் பாருங்கள். வருகிறார்கள். நிற்பதில்லை. முதல் மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறவர்கள்தான் நான் கணக்கு முடிப்பவர்களில் அதிகம்.

ஆள் இப்படி வருவதும் போவதுமாக இருப்பதால் என்ன செலவாகிறது என்பது உங்கள் டேலி கணக்கில் எங்கும் இருக்காது. ஒரு பேட்லாக் டெய்லர் போனால் புது ஆள் அந்தத் துணியைப் பழகி, அந்த லைனின் வேகத்துக்கு வரப் பல வாரம் ஆகும். அதுவரை அவருக்கு முன்னால் பண்டல் தேங்கும், அவருக்கு அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செக்கிங்கில் ஆல்டர், அதாவது திருத்தித் தைக்க வேண்டிய பீஸ், கூடும். அதைப் பிரித்துத் தைக்க இரண்டு பேரை ஒதுக்க வேண்டும். கப்பல் தவறும். கடைசியில் ஏரில், அதாவது விமானத்தில், அனுப்புவோம், இல்லையென்றால் பையர் கேட்கிற டிஸ்கவுண்டுக்குத் தலையாட்டுவோம். கணக்கில் இதெல்லாம் சரக்குக் கட்டணம், தள்ளுபடி, ஏஜென்ட் கமிஷன் என்று தனித்தனித் தலைப்பில் ஏறிவிடுகிறது. 'ஆள் போனதால் ஆன செலவு' என்று ஒரு தலைப்பு போட்டு ஒரே ஒரு வருடம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெய்லருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டித் தர வாரக்கணக்கில் யோசிக்கிற அதே ஆபீஸில், ஏர் பில்லுக்கு ஒரே கையெழுத்தில் பல லட்சம் போகிறது.

ஏன் போகிறார்கள்?

கணக்கு முடிக்க வருகிறவர்களிடம் காரணம் கேட்டு ஒரு படிவத்தில் எழுத வேண்டும். "ஊர்ல கல்யாணங்க." "அம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்க." "காட்டு வேலை இருக்குதுங்க." எல்லாப் படிவத்திலும் இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கை சுத்தமான வேலை. ஓவர்லாக்கில் அவள் தைத்த பீஸில் நூல் தொங்காது. ஒரு திங்கட்கிழமை பையுடன் வந்து நின்று, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டோம். சாயங்காலம் அவளோடு தங்கியிருந்தவள் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் மெதுவாகச் சொன்னாள். சனிக்கிழமை சூப்பர்வைசர் ஆல்டர் வந்த பண்டலை அவள் மூஞ்சியில் வீசியிருக்கிறார். லைன் முழுக்கப் பார்த்திருக்கிறது. பண்டலில் இருந்தது அவள் தைத்ததுகூட இல்லை. அவள் பதில் பேசவில்லை, அழவில்லை. மீதி நேரமும் உட்கார்ந்து தைத்துவிட்டு, சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். படிவத்தில் இன்றைக்கும் 'தாயார் உடல்நலக் குறைவு' என்றுதான் இருக்கும்.

முதலாளிமார்களே, உங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அவர்களுக்குக் கம்பெனி என்றால் சூப்பர்வைசர்தான். நீங்கள் நல்லவராக இருக்கலாம். ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் சுவீட் பாக்ஸ் கொடுக்கலாம். லைனில் நிற்கிற அந்த ஒருவரின் வாய் எப்படியோ அப்படித்தான் உங்கள் கம்பெனியின் பெயர் ரயில் பெட்டியில், ஊரில், வாட்ஸ்அப்பில் போகிறது. அவரை நாம் எப்படி எடுத்தோம்? நன்றாகத் தைத்தார், சத்தம் போட்டு வேலை வாங்கினார், அதனால் எடுத்தோம். முப்பது பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தோமா? மேலேயிருந்து மணிக்கு மணி "எத்தனை பீஸ் ஆச்சு?" என்று அவரை நெருக்குகிறோம். அவர் கீழே இருப்பவர்களை நெருக்குகிறார். பீஸ் கணக்கைக் கேட்கிற அதே போர்டில், அவர் லைனில் இந்த மாதம் எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்கும் ஒரு படி கொடுங்கள். மூன்று மாதத்தில் சத்தம் குறையும்.

அடுத்தது எழுதக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கழிவறை. பல கம்பெனிகளில் பெண்கள் காலையில் டீயைப் பாதியோடு வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டில் மிஷின் பக்கத்தில் நிறைந்தபடியே இருக்கிறது. ஏனென்றால் எழுந்து போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், லைனுக்கு ஒரு டோக்கன்தான் இருக்கிறது, போன இடத்தில் தாழ்ப்பாள் சரியில்லை. மாதவிடாய் நாட்களில் லீவு போடுவது அதனால்தான். அந்த லீவுக்கு நாம் ஆஜர் போனஸைப் பிடிக்கிறோம். சிறுநீர்த் தொற்றோடு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருக்கிற நம் பெண்களோடு நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் முறையை எடுத்துவிடுங்கள், தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் வரட்டும். இதற்கு ஆகிற செலவு ஒரு சாம்பிள் கூரியர் செலவுகூட வராது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கமாகிவிட்டது. காலை எட்டரைக்கு வந்தவர் இரவு எட்டரைக்குப் போகிறார். கூடுதலாகப் பார்த்த நேரத்துக்குப் பல இடங்களில் கிடைப்பது அரை ஷிப்ட் கூலி. அதாவது ஒற்றை மடங்கு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்றுதான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதையேதான் சொல்கின்றன. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் புரியவில்லை. ஒன்றரை ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் தைத்த பீஸ்களில் ஆல்டர் எத்தனை என்று செக்கிங் டேபிளில் கேளுங்கள். அந்த டேபிளில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், இரவு ஏழு மணிக்கு மேல் வருகிற பண்டலைப் பார்த்தாலே தெரியும்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிற ஒரு பெரிய கூட்டத்தைச் சொல்ல வேண்டும். பதினெட்டு, இருபது வயதில் பனியன் கம்பெனியில் வேலை பழகி, கல்யாணமாகி, குழந்தை பிறந்து வேலையை விட்டுவிட்ட பெண்கள். இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இருப்பார்கள். தையல் தெரியும், செக்கிங் தெரியும், பையர் என்ன கேட்பார் என்றுகூடத் தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரைக்கு வந்து, நாலு மணிக்குக் கிளம்ப விட்டால் நாளைக்கே வருவார்கள். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எட்டரைக்கு வந்தால்தான் வேலை, இருட்டின பிறகுதான் வீடு என்று நாம் வைத்திருக்கிற ஒரே கதவு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஜார்க்கண்டுக்கு ஏஜென்ட் அனுப்புவதற்கு முன்னால் நம் கம்பெனி இருக்கிற வார்டில் ஒரு குட்டி ஷிப்ட் போட்டுப் பாருங்கள். குழந்தைகள் காப்பகம் பற்றியும் சேர்த்தே யோசியுங்கள். 50 பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்பது இப்போதைய சட்டம். ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் பொம்மையும் தொட்டிலும் வெளியே வருகிற அறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் ஓர் ஆயாவை நிரந்தரமாக உட்காரவைத்தால் பத்துப் பெண்கள் வேலைக்குத் திரும்புவார்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் இல்லாமல் திருப்பூர்ச் சரக்கு எதுவும் கப்பல் ஏறாது. ஆனாலும் "ஹிந்திக்காரங்க" என்று ஒரே பெயரில் எல்லாரையும் சுருட்டிவிடுகிறோம். ஒடியா பேசுகிறவரிடம் ஹிந்தியில் அதட்டுகிறோம். அவருக்கும் அது வேற்றுமொழிதான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது என்ன நடந்தது? தமிழ்நாடு போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. அந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முதலாளியே ஹாஸ்டலுக்குப் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, ஊருக்கு வீடியோ கால் போட்டு அவர்கள் அப்பா அம்மாவிடம் பேசிய கம்பெனியில் லைன் காலியாகவில்லை. காண்ட்ராக்டரை விட்டுப் பேசச் சொன்ன இடத்தில் காலியானது. வதந்தியை யாரும் தடுக்க முடியாது. அது காதுக்கு வரும்போது நம்பிக் கேட்க ஒரு முகம் இருந்ததா என்பதுதான் அன்றைக்கு வித்தியாசம்.

காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தால் தலைவலி இல்லை என்று நினைக்கிறீர்கள். டெய்லர் கையில் என்ன போய்ச் சேருகிறது என்று நீங்கள் பார்ப்பதில்லை. ரூம் வாடகை, சாப்பாடு, வந்த ரயில் டிக்கெட், முன்பணம் என்று காண்ட்ராக்டர் பிடித்துக்கொண்டது போக மீதிதான் சம்பளம். அந்த மீதியைப் பார்த்துவிட்டுத்தான் டெய்லர் அடுத்த கம்பெனி கேட்டில் போய் நிற்கிறார். நீங்கள் கொடுத்த ரேட் அவருக்குத் தெரியவே தெரியாது. புதிய சட்டத்தில் வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். அதை அவர்கள் படிக்கிற மொழியில் கொடுங்கள். ரேட் என்ன, பிடித்தம் என்ன என்று அதில் இருக்கட்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரப் பயணப்படி தர வேண்டும் என்றும் இருக்கிறது. இதைச் செலவாகப் பார்க்காதீர்கள். போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், திரும்பி வர நீங்கள் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் வருவார். பீகார்க்காரர்கள் சத் பூஜைக்கும் ஒடியாக்காரர்கள் ரஜ பண்டிகைக்கும் லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பொங்கலுக்கு நாம் வேலைக்கு வருவோமா?

பெண்கள் ஹாஸ்டலுக்குப் பாதுகாப்பு வேண்டும். பூட்டுப் போட்டு வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், வார்டனோடு சேர்ந்து, வரிசையாகக் கடைக்குப் போய் வர வேண்டும் என்ற விதி இருபது வயதுப் பெண்ணுக்கு எதைச் சொல்கிறது? முன்பு நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருடம் உள்ளேயே வைத்துக் கல்யாணத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லி எடுத்தார்கள். அதில் அனுபவப்பட்ட கிராமங்களில் இன்றைக்கும் 'ஹாஸ்டல்' என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாக்கள் பின்வாங்குகிறார்கள். நேர்மையாக ஹாஸ்டல் நடத்துகிறவர்களும் அந்தக் கெட்ட பெயரைச் சுமக்கிறார்கள்.

இன்னும் கடினமான ஒன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபது வயதுத் தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகு, 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கமும் அந்த நிறுவனமும் உட்கார்ந்து பேசி, 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று இன்று அழைக்கப்படுகிற உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய வெளிநாட்டு பிராண்டுகளும் அதில் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டன. ஓர் உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு அது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற எந்த இடத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று சட்டம் வந்தது 2013ல். நோட்டீஸ் போர்டில் குழுவின் பெயர்ப்பட்டியல் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களில் ஒருவரையாவது உங்கள் செக்கிங் பெண்களுக்கு முகம் தெரியுமா என்று கேளுங்கள். புகாரே வரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிற கம்பெனியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. "அவங்களே வேண்டாங்கறாங்க" என்று சொல்கிறீர்கள். உண்மைதான், சொல்கிறார்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிற டெய்லருக்கு இன்றைய காசு பெரிது. ஆனால் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? போன கம்பெனியில் பிடித்த பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர். கம்பெனிக்குக் கம்பெனி புது நம்பர் போட்டு, பழையது எங்கே என்று தெரியவில்லை. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசத்துக்காக அலைந்து வெறுத்துப் போனவர்கள் அவர்கள். சேருகிற அன்றைக்கே பழைய நம்பரைத் தேடி எடுத்து இணைத்துக் கொடுக்க ஒருவரை உட்காரவைத்தேன். முதல் ஆளுக்குப் பழைய பணம் போனில் தெரிந்ததும் அந்த லைனில் பாதிப் பேர் ஆதார் கார்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் அதே மரியாதை வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. "அடுத்த சனிக்கிழமை வா" என்று மூன்று வாரம் இழுக்கப்பட்டவர் நம் கேட்டுக்குத் திரும்ப மாட்டார், தன் ஊர்க்காரர் ஒருவரையும் விடவும் மாட்டார்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நூல் விலை ஏறினாலும் பையர் பீஸ் விலையை ஏற்ற மாட்டார். போன சீசனைவிடக் குறைத்துக் கேட்பார். தொழிலாளர் நலன் பற்றி நாற்பது பக்க ஆடிட் படிவம் அனுப்புகிற அதே பிராண்ட், விலை பேசும்போது அந்த நாற்பது பக்கத்துக்கு ஒரு பைசா சேர்த்துத் தராது. இதைச் சங்கங்கள் வழியாக உரக்கச் சொல்ல வேண்டும், தொழிற்சங்கங்களும் கூடவே நின்று சொல்லும். ஆனால் ஏற்றுமதியாளர்களிடம் நான் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நீங்கள் தையலுக்குக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பணம் எப்போது கொடுக்கிறீர்கள்? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வருமான வரிச் சட்டத்திலும் அதற்கு ஒரு பிடி வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போட வட்டிக்கு வாங்கி ஓடுகிற யூனிட்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தொழிலாளியை ஏமாற்ற நினைப்பதில்லை. மேலேயிருந்து பணம் இறங்கவில்லை. அவர்கள் லைனில் ஆள் நிற்காததற்குக் காரணம் உங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறது.

இதெல்லாம் செய்ய முடியாது, சின்ன ஊர், சின்ன லாபம் என்று சொல்வீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இதையேதான் சொன்னோம். நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுச் சாயக் கழிவும் விடக் கூடாது என்றால் திருப்பூரே போச்சு என்று ஊர் பேசியது. பல மாதம் கஷ்டப்பட்டோம், பலர் வேலையிழந்தார்கள், சில பட்டறைகள் திரும்பத் திறக்கவே இல்லை. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற வேலையை இந்த ஊர் கற்றுக்கொண்டது. இன்றைக்கு அதையே பையர்களிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் வாங்குகிறோம். சாயத் தண்ணீருக்குச் செய்ய முடிந்ததை மனிதர்களுக்குச் செய்ய முடியாது என்று சொல்ல வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். ஒரு காலத்தில் திருப்பூரில் ஆள் நின்றார்கள். சம்பளம் அதிகம் என்பதால் இல்லை. மிஷினில் உட்கார்ந்தவர் நாளைக்கு முதலாளி ஆகலாம் என்பதால் நின்றார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, தையல் பழகி, கட்டிங் மாஸ்டராகி, பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு நாலு மிஷின் போட்டுத் தொடங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்! உங்கள் ஆபீஸ் சுவரில் இருக்கிற அப்பா படத்துக்குப் பின்னால் அந்தக் கதைதான் இருக்கிறது. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இதை வைத்து 2004ல் ஒரு புத்தகமே எழுதினார். 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் நின்றவர்களிலும் பின்னால் சொந்தமாக யூனிட் போட்டவர்கள் உண்டு. அந்த ஏணி எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறியவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதிகளின் ஆண்கள். பெண்களும் தலித்துகளும் கீழேயே நின்றார்கள். இன்றைக்கு அந்த ஏணியும் இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்த பையனோ, தாராபுரம் பக்கத்துப் பெண்ணோ பத்து வருடம் தைத்தாலும் பத்தாவது வருடமும் அதே மிஷின், அதே ரேட் கார்டு. சேர்ந்த அன்றைக்கு வந்தவருக்கும் அவருக்கும் கூலியில் வித்தியாசம் கிடையாது. அப்படியிருக்க, நாளொன்றுக்கு இருபது ரூபாய் கூடத் தருகிற கம்பெனிக்கு அவர் ஏன் போகக் கூடாது?

எல்லாரும் முதலாளியாக முடியாது. ஆனால் கைமடியிலிருந்து டெய்லர், ஒரு மிஷின் தெரிந்தவரிலிருந்து மூன்று மிஷின் தெரிந்தவர், அதிலிருந்து லைன் குவாலிட்டி, அதிலிருந்து சூப்பர்வைசர் என்று படி வைக்கலாம். ஒவ்வொரு படிக்கும் கூலி எவ்வளவு, எத்தனை மாதத்தில் போகலாம் என்று சுவரில் எழுதி ஒட்டலாம். ஒடியாக்காரர்கள் நிறைந்த லைனுக்கு அவர்களிலேயே ஒருவரை சூப்பர்வைசர் ஆக்கலாம். பெண்கள் நிறைந்த லைனுக்குப் பெண்ணை ஆக்கலாம். நான் ஆபீஸ் நாற்காலிக்கு வந்தது என்னைக் கூப்பிட்டு "கணக்கு பார்க்கத் தெரியுமா அம்மிணி?" என்று கேட்ட ஒரு முதலாளியால். அவர் அன்றைக்குக் கேட்டிருக்காவிட்டால் நானும் வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றிருப்பேன். வருகிற திங்கட்கிழமை உங்கள் லைனில் நாலு வருடத்துக்கு மேல் ஒரே மிஷினில் இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பட்டியல் பெரிதாக இருக்காது. அதில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அடுத்து என்ன கற்றுக்கொள்ள விருப்பம் என்று நீங்களே கேளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவள்